பஸ் பாரும் பதினாறு கண் மதகும்

ரொம்ப நாளா கதை, சினிமான்னே எழுதிட்டு இருந்தாச்சு. இந்தத் தடவை கொஞ்சம் கரண்டு சமாச்சாரம். பயப்படாதீங்க, ஷாக் அடிக்காது :-)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். குடவாசல் பக்கத்தில் எங்க பெரியப்பாவுக்கு ஒரு அரவை மில் இருக்கு. ஒரே ஒரு ஹல்லர், 30 ஹெச்.பி. மோட்டார்னு தாத்தா காலத்தில் ஓடிக்கிட்டிருந்த மில். இப்போ ஷெல்லர், பாலிஷர், எலிவேட்டர், டிரையர், கலர் சார்ட்டர்னு பெருசாகப் போகுது. எல்லாம் சேர்த்தா 200 ஹெச்.பி. வரும். ஹெச்.டி. சர்வீஸ் வாங்கி, சொந்தமா 250 கே.வி.ஏ. ட்ரான்ஸ்பார்மர் வைக்கிறதா முடிவு.

அங்கே வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் முப்பது வருஷ அனுபவஸ்தர். பழைய பேனல் போர்டைத் திறந்து வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே மூணு செம்புப் பட்டை. பச்சை பூத்து, தவிட்டுத் தூசி படிஞ்சு கிடந்தது.

"தம்பி, நீங்க கரண்டுக்குத்தானே படிச்சீங்க? செம்பு இப்ப விக்கிற விலைக்கு வாங்க முடியாது. அலுமினியப் பட்டை போட்டுடலாம்னு இருக்கேன். 50-க்கு 10 போதுமா? புடிக்கிற கட்டை பழசே நல்லாத்தான் இருக்கு, அதையே வச்சுக்கலாமா?"

படிச்சது ஈ.ஈ.ஈ.; பொழப்பு என்னவோ ஜாவாவில். நாலு வருஷம் படிச்சு டிகிரி வாங்கியவன் அந்தக் கேள்விக்கு முன்னால் பேந்தப் பேந்த முழிச்சேன். "ராத்திரி பார்த்துச் சொல்றேண்ணே"ன்னு நழுவிட்டேன். பெரியப்பா ஒரு பார்வை பார்த்தார் பாருங்க... அதை விடுங்க.

அன்னைக்கு ராத்திரி தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு. ஒரு பட்டைக்கு அளவு பார்க்கப் போய், லண்டன், சென்னை, மேட்டூர்னு சுத்திட்டு மறுபடி குடவாசலுக்கே வந்து நின்னேன்.

பேருந்தும் பட்டையும்

முதலில் பெயர். 'பஸ் பார்' என்பதில் இருக்கும் பஸ்ஸும், கும்பகோணத்திலிருந்து குடவாசல் வழியா திருவாரூர் போகும் பஸ்ஸும் ஒரே சொல்தான். இரண்டும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால். அதற்குப் பொருள் 'எல்லாருக்கும்'. 1820-களில் பிரான்சின் நாந்த் நகரில் யார் வேணும்னாலும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு மின் நிலையத்தில் எல்லா டைனமோவும் வந்து சேர்ந்து, எல்லா லைனும் கிளம்பிப் போகும் பொதுப் பட்டையை 'ஆம்னிபஸ் பார்' என்றார்கள். சுருங்கி பஸ் பார் ஆனது. நம்ம கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் 'டேட்டா பஸ்'ஸும் இதே குடும்பம்தான். ஆக ஜாவாக்காரனுக்கும் இதில் கொஞ்சம் உரிமை உண்டு :-)

'எல்லாருக்கும்' என்ற இந்தச் சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் இதுக்குத்தான் திரும்பி வரப்போறோம்.

ஒரு டைனமோ, ஒரு விளக்கு என்றால் பஸ் பார் வேண்டாம். கம்பி போதும். 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட்டில் எடிசன் நிலையம் தொடங்கியபோது பல டைனமோக்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டி வந்தது. சோதனையில் இரண்டை முதன்முதலாக இணைத்தபோது, ஒன்று வேகமெடுக்க மற்றது தளர, பிறகு அது வேகமெடுக்க இது தளர என்று இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஆட்டம் போட்டனவாம். புதுசா கூட்டுக் குடித்தனம் போன மாதிரி. ஒண்ணா சேர்ந்தா பலம்தான், ஆனா சேர்ந்த இடத்தில்தான் சண்டையும் வரும் என்பதை மின்சாரம் ஆரம்பத்திலேயே காட்டிவிட்டது.

குரோம்ப்டனின் செம்புப் பட்டை

இங்கிலாந்தில் இந்தத் துறையின் முன்னோடி ஆர்.இ.பி. குரோம்ப்டன். ஆமாம், நம்ம வீட்டு ஃபேனில் இருக்கும் அதே குரோம்ப்டன்தான். 1845-ல் பிறந்தவர். இளவயதில் பட்டாளத்து அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து, வடக்கே சாலையில் நீராவி வண்டி ஓட்டிப் பார்த்தவர். திரும்பிப் போய் மின்சாரத்தில் இறங்கினார். 1887-ல் லண்டன் கென்சிங்டன் கோர்ட்டில் அவர் அமைத்த விநியோகத்தில் உறை போட்ட கேபிள் கிடையாது. தெருவுக்கு அடியில் சின்னச் சுரங்கம் மாதிரி கட்டி, அதற்குள் இன்சுலேட்டர் மேல் வெறும் செம்புப் பட்டைகளை இழுத்துக் கட்டினார். சொல்லப்போனா, தெரு நீளத்துக்கு ஒரு பஸ் பார்!

இந்த மாதிரி யோசனைகள் நம்ம ஊர் மழையைப் பார்த்ததில்லை. 1895-ல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது, கரண்ட் எடுக்கும் கடத்தி தண்டவாளத்துக்கு நடுவே தரைக்கு அடியில் ஒரு கால்வாய்க்குள் இருந்தது. சென்னைப் பருவமழையில் தரைக்கு அடியில் கால்வாய் வெட்டினா என்ன ஆகும்? தண்ணீர் புகுந்தது. சில ஆண்டுகளில் எல்லாம் தலைக்கு மேலே போகும் கம்பிக்கு மாறியது.

ஒரு கடத்திக்கு அளவு சொல்லும்போது அது எந்த ஊரில், எந்த வெயிலில், எந்த மழையில் இருக்கப்போகிறது என்பதும் கணக்கில் சேரும். சென்னைக்கு அது 1895-லேயே கிடைத்த பாடம். 1900-களின் தொடக்கத்தில் சென்னைக்கு மின் விநியோகம் கொண்டுவந்ததும் குரோம்ப்டனின் கம்பெனிதான். பிறகு அது மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் கைக்குப் போய், 1947-ல் அரசாங்கத்திடம் வந்தது.

தண்ணீர் வந்த வழியே கரண்டும்

சரி, நம்ம டெல்டாவுக்கு?

டெல்டாவின் பெரிய மின்சாரக் கதை மேட்டூரில் தொடங்குகிறது. 1925-ல் வேலை ஆரம்பித்து 1934-ல் முடிந்த அணை. வடிவமைத்த பொறியாளர் எல்லிஸ். 120 அடி நீர், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். அணையின் அடியில் மின் நிலையம் 1937-ல் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 10 மெகாவாட் என நாலு இயந்திரம்; நாலாவது வந்து சேர 1946 ஆனது. அங்கிருந்து உயர் அழுத்த லைன் திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று காவிரி போகும் திசையிலேயே கிழக்கே வந்தது. அதுவரை இங்கே நெல் அரைத்தவை பெரும்பாலும் எண்ணெய் எஞ்சினில் ஓடிய மில்கள். கரண்ட் வந்த இடங்களில் எஞ்சின் போய் மோட்டார் வந்தது.

இதில் ஒரு சிக்கல். மேட்டூர் அணை முதலில் பாசனத்துக்கானது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது முறை. தண்ணீர் விட்டால்தான் டர்பைன் சுத்தும். அணையை மூடினால் கரண்டும் சுருங்கும். பயிருக்கு எப்போ தண்ணீர் வேணுமோ அப்போதான் மில்லுக்கும் விளக்குக்கும் கரண்ட் என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

தீர்வு, சேர்ந்துகொள்வது. நீலகிரியில் பைகாரா நிலையம் 1932-லேயே வந்திருந்தது. தெற்கே தாமிரபரணியில் பாபநாசம் 1944-ல் வந்தது. தனித்தனியாக இருந்த இந்த நிலையங்கள் லைன் மூலம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஒரு ஆற்றில் தண்ணீர் குறைந்தால் இன்னொரு மலையின் மழை கைகொடுக்கும். 1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் வந்தது. 1962-ல் நெய்வேலி அனல் மின்சாரம் சேர்ந்தது. 2001-ல் மன்னார்குடி பக்கம் கோவில்களப்பாலில், டெல்டா மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த எரிவாயுவில் 107.88 மெகாவாட் நிலையம் சேர்ந்தது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு சேர்ந்தது. இப்போ குடவாசலில் ஒரு மோட்டாரை ஆன் பண்ணினால், கொள்கையளவில் காஷ்மீரில் சுத்தும் டர்பைனும் அதற்குத் தோள் கொடுக்கிறது.

இந்த ஒவ்வொரு சேர்க்கையும் நடக்கும் இடம் ஏதோ ஒரு துணை மின் நிலையத்தின் பஸ் பார். லைன்கள் வந்து தொங்கும் அந்த அலுமினியக் குழாய்களையும் தடித்த கம்பிகளையும் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாப் பார்த்திருப்பீங்க. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரியும் இடம் மாதிரி, ஆனா பல ஆறு வந்து சேரவும் செய்யும்.

செம்பு போய் அலுமினியம் வந்த கதை

தாத்தா மில்லில் செம்பு. அண்ணன் போடப்போவது அலுமினியம். நடுவில் என்ன நடந்தது?

இந்தியாவில் செம்பு குறைவு, பாக்சைட் தாராளம். 1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடி. செம்பை இறக்குமதி செய்ய டாலர் இல்லை. மின்துறையில் முடிந்த இடத்திலெல்லாம் அலுமினியத்தைப் பயன்படுத்துங்கள் என்று அரசு நெருக்கியது. கேபிள், பஸ் பார் என்று வரிசையாக மாறியது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், 1965-ல் தமிழ்நாட்டில் அலுமினிய ஆலை வந்த ஊர் எது தெரியுமா? அதே மேட்டூர். மால்கோ என்ற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி. பாக்சைட் சேர்வராயன் மலையிலிருந்து வந்தது. அலுமினியம் உருக்க மலையளவு கரண்ட் வேணும் என்பதால் மின் நிலையம் இருக்கும் ஊராகப் பார்த்துப் போட்டார்கள். 2008-ல் அங்கே உலோகம் உருக்குவது நின்றது. ஆனால் சில பத்தாண்டுகள், டெல்டாவுக்குத் தண்ணீர் விட்ட ஊரே கரண்டும் விட்டு, அந்தக் கரண்டைத் தாங்கும் உலோகத்தையும் காய்ச்சியது. எங்க பெரியப்பா மில்லில் ஏதாவது பழைய அலுமினியக் கம்பி கிடந்தால், அது காவிரித் தண்ணீரின் இன்னொரு வடிவம் என்று சொன்னா ரொம்ப ஓவரா? :-)

கணக்குக்கு வருவோம். அலுமினியம் செம்பைப் போல 61 சதவீதம்தான் கடத்தும். ஆக அதே வேலைக்கு 1.6 மடங்கு குறுக்களவு வேணும். ஆனால் எடை மூணில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், பெரிய பட்டை போட்டும் மொத்த எடை பாதிதான் வரும். காசு மிச்சம். இதுவரை எல்லாம் லாபம்.

நஷ்டம் மூட்டில் இருக்கு. அலுமினியத்தை உரசிவிட்டால் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும். அது கரண்டைக் கடத்தாது. அடுத்து, அலுமினியம் மெதுவான உலோகம்; போல்ட்டை முடுக்கி வைத்தால் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி நழுவும். சூட்டில் விரிவதும் அதிகம். 2 மீட்டர் பட்டை 50 டிகிரி சூடேறினால் 2.3 மில்லிமீட்டர் நீளும். முடுக்கியிருக்கும் இரும்பு போல்ட் அதில் பாதிதான் விரியும். தினம் காலையில் மில் ஓடி ராத்திரி நிற்கும்போது மூட்டு ஒரு தடவை மூச்சு விடுகிறது. விட விடத் தளரும். தளர்ந்தால் சூடு, சூடேறினால் இன்னும் தளரும். போதாததற்கு செம்பு லக்கை அலுமினியத்தின் மேல் நேரடியாக வைத்து முடுக்கினால், நம்ம ஊர் ஈரக்காற்றில் இரண்டும் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரிக்கும். பேனலில் கருகிய இடங்கள் பெரும்பாலும் மூட்டாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

ராத்திரி போட்ட கணக்கு

இப்போ அண்ணன் கேட்ட கேள்வி. பஸ் பார் அளவுக்கு அடிப்படையில் நாலு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, தினசரி கரண்ட். 250 கே.வி.ஏ.-வை 1000-ஆல் பெருக்கி, 1.732-ஐயும் 433 வோல்ட்டையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் 333 ஆம்பியர். செம்புக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 1.6 ஆம்பியர், அலுமினியத்துக்கு 0.8-லிருந்து 1 வரை என்பது கைக்கணக்கு. மூடிய பெட்டி, சித்திரை வெயில், தவிட்டுத் தூசி எல்லாம் சேர்த்து நான் 0.8-ஐ எடுத்துக்கிட்டேன். 50-க்கு 10 பட்டை 500 சதுர மில்லிமீட்டர்; 400 ஆம்பியர் தாங்கும். பாஸ்! அண்ணன் அனுபவத்தில் சொன்னதும் புத்தகமும் ஒண்ணா வந்துச்சு. பழைய செம்புப் பட்டை 25-க்கு 6, அதாவது 150 சதுர மில்லிமீட்டர், 240 ஆம்பியர். 40 ஆம்பியர் இழுத்த 30 ஹெச்.பி. மோட்டாருக்கு தாத்தா காலத்தில் ஆறு மடங்கு பட்டை போட்டிருக்காங்க! இருந்தாலும் புதுச் சுமைக்கு அது பத்தாது.

பட்டையை ஏன் உருண்டைக் கம்பியாகப் போடாமல் தட்டையாகப் போடுறாங்க என்பதும் இங்கேதான் வரும். அதே உலோகத்தைத் தட்டையாக்கினால் காற்றுபடும் பரப்பு கூடும், சூடு சீக்கிரம் இறங்கும். குறுகிய விளிம்பு மேலும் கீழுமாக இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. பட்டை தாங்கும் கரண்டை முடிவு பண்ணுவது கடைசியில் சூடுதான்.

இரண்டு, ஷார்ட் சர்க்யூட்டின் சூடு. எலி உள்ளே போய் இரண்டு பட்டையைத் தொட்டால் எவ்வளவு கரண்ட் பாயும்? ட்ரான்ஸ்பார்மர் பெயர்ப்பலகையில் 4.5 சதவீத இம்பீடன்ஸ் என்று போட்டிருக்கும். அப்படின்னா, வெளியே ஷார்ட் ஆகி இருக்கும்போது 4.5 சதவீத வோல்டேஜ் கொடுத்தாலே முழுக் கரண்டும் ஓடிவிடும். முழு வோல்டேஜில் 100 வகுத்தல் 4.5, சுமார் 22 மடங்கு. 333-ஐ 22.2-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 7,400 ஆம்பியர். அலுமினியம் ஒரு நொடிக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 ஆம்பியர் தாங்கும். 500-க்கு 40,000. இதிலும் பாஸ்.

மூணு, விசை. இதைத்தான் காலேஜில் பரீட்சைக்குப் படிச்சு மறந்திருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் கரண்ட் ஓடும் இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று இழுக்கும் அல்லது தள்ளும். விசை கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. ஷார்ட் ஆன முதல் கணத்தில் உச்சம் இன்னும் அதிகம். 7,400 என்றால் உச்சம் சுமார் 12,600 ஆம்பியர். பட்டைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர் இருந்தால், மீட்டருக்குச் சுமார் 37 கிலோ எடை அளவுக்கு விசை வரும்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு நெல் சிப்பம் 40 கிலோ. ஆக ஒவ்வொரு மீட்டர் பட்டையிலும் ஒரு சிப்பத்தை யாரோ பக்கவாட்டில் ஓங்கி எறிகிற மாதிரி, அதுவும் ஒரு நொடிக்குள் பல தடவை. பெரிய ஆலைகளில் 50,000 ஆம்பியர் ஷார்ட்டுக்குக் கணக்குப் போட்டால் அதே இடைவெளியில் மீட்டருக்கு 2.5 டன்னைத் தாண்டும். பட்டை வளைஞ்சு, பிடிக்கும் கட்டை தெறிச்சு, பேனல் கதவு பறக்கும். முன்னால் ஒரு ஆள் நின்னுக்கிட்டு இருந்தால்... அதை எழுத வேண்டாம்.

நாலு, மேலே சொன்ன மூட்டு.

பழசு ஏன் இத்தனை நாள் நின்னுச்சு?

இங்கேதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. பழைய பட்டையைப் பிடிச்சிருந்தது வெறும் ஹைலம் துண்டுகள். நாலடிக்கு ஒண்ணு. நாற்பது வருஷம் ஒண்ணும் ஆகலை. "நல்லாத்தானே இருக்கு"ன்னு அண்ணன் சொன்னதில் தப்பே இல்லை.

ஆனா அந்த நாற்பது வருஷமும் மில்லுக்குக் கரண்ட் வந்தது தெருமுனையில் இருந்த 63 கே.வி.ஏ. ட்ரான்ஸ்பார்மரில் இருந்து. அதே கணக்குப்படி அதன் முழுக் கரண்ட் 84 ஆம்பியர், ஷார்ட்டில் 1,870. நடுவில் நீளமான கம்பி வேற, இன்னும் குறையும். விசையைப் போட்டுப் பார்த்தால் மீட்டருக்கு 2 கிலோகூட வரலை! ட்ரான்ஸ்பார்மர் நாலு மடங்கு பெருசானதும், ஷார்ட் கரண்ட் நாலு மடங்கு, விசை பதினாறு மடங்குக்கும் மேலே. பட்டையை மாத்தணும்னு எல்லாருக்கும் தெரியுது, ஏன்னா அது தினமும் சூடாகும், கண்ணுக்குத் தெரியும். பிடிக்கிற கட்டையை மாத்தணும்னு யாருக்கும் தோணாது, ஏன்னா அதுக்கு வேலை வர்றது வாழ்க்கையில் ஒரே ஒரு நொடி.

மேட்டூரில் 16 கண் மதகு பார்த்திருக்கீங்களா? பாசனத்துக்கு அது வேண்டாம். அதற்குத் தனி மதகும் மின் நிலையமும் இருக்கு. பல வருஷம் அது காய்ஞ்சு கிடக்கும். ஊரிலிருந்து போய்ப் பார்க்கிறவங்க "இவ்ளோ பெருசா எதுக்குய்யா கட்டினான்"னு கேப்பாங்க. அணை வேலை தொடங்குவதற்கு முந்தைய வருஷம்தான், 1924-ல், காவிரியில் பெருவெள்ளம் வந்து போயிருந்தது. ஜூன் 12-ல் வரும் தண்ணீரை மட்டும் பார்த்து அளவெடுத்திருந்தால் அந்த மதகு தேவையில்லை. வெள்ளத்துக்கும் சேர்த்து அளவெடுத்ததால்தான் அணை நிக்குது.

பஸ் பார் டிசைன் என்பதும் அவ்வளவுதான். தினசரி கரண்ட் பாசனம். ஷார்ட் சர்க்யூட் வெள்ளம். பட்டை வாய்க்கால்; கட்டையும் போல்ட்டும் கரை.

'எல்லாருக்கும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1937-ல் மேட்டூர் ஒன்றை மட்டும் நம்பி, நீண்ட லைனின் கடைசியில் இருந்த டெல்டாவில் ஷார்ட் ஆனால் ஒரே ஒரு சின்ன நிலையம்தான் கரண்டைக் கொட்டும். பைகாரா, பாபநாசம், நெய்வேலி என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர சப்ளை உறுதியானது. கூடவே ஷார்ட் ஆன இடத்தில் வந்து கொட்டும் கரண்டும் ஏறியது. நல்ல நாளில் தோள் கொடுக்கும் அதே நிலையங்கள்தான் கெட்ட நொடியில் எல்லாம் சேர்ந்து பாய்கின்றன. அதனால்தான் துணை மின் நிலையங்களில் பழைய பட்டைகளையும் பிரேக்கர்களையும் தொகுப்பு பெருசாகும்போது மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மில் மாதிரி இடத்தில் நம்ம ட்ரான்ஸ்பார்மரின் அந்த 4.5 சதவீதம்தான் அணையாக நின்று காப்பாற்றுகிறது. அந்த அணையையே பெருசாக்கினால் கரையையும் பலப்படுத்தணும், இல்லையா?

மறுநாள் காலை

தாளை எடுத்துக்கிட்டுப் போனேன். "அண்ணே, 50-க்கு 10 போதும். கட்டைதான் போதாது"ன்னேன். பேனலுக்குன்னே வார்த்த சப்போர்ட், நாலடிக்குப் பதிலா ஒன்றரை அடிக்கு ஒண்ணு. மூட்டில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு உடனே கிரீஸ் தடவி, பட்டை அகலத்துக்குக் குறையாம ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி, ஸ்பிரிங் வாஷரோட முடுக்கணும். செம்பு லக் வர்ற இடத்தில் இரட்டை உலோக வாஷர். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கரண்டை நிறுத்திட்டு முடுக்கிப் பார்க்கணும், தூசி தட்டணும். எலி நுழையாத மாதிரி கீழே மூடணும்.

பெரியப்பா கேட்டார்: "ஏண்டா, நாப்பது வருஷம் நின்ன கட்டைக்கு இப்ப என்ன வந்துச்சு? இது எவ்வளவு ஆகும்?"

சிப்பம் கணக்கைச் சொன்னேன். "முன்னாடி அந்தக் கட்டை மேல ரெண்டு கிலோ அரிசிப் பை விழும்னு வச்சுக்குங்க பெரியப்பா. இனிமே ஒரு சிப்பம் விழும். எப்ப விழும்னு தெரியாது. விழுந்தா அண்ணன் முன்னாடி நிப்பாரு."

அவர் ஒண்ணும் பேசலை. மில்லில் சிப்பம் சரிஞ்சு விழுந்து ஆள் அடிபட்டதை அவர் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணனைப் பார்த்து, "தம்பி சொல்றத வாங்கிப் போட்டுருங்க"ன்னு மட்டும் சொன்னார்.

அண்ணன் பழைய ஹைலம் துண்டு ஒண்ணைக் கழட்டி, தூசியைத் துடைச்சு, என்கிட்ட கொடுத்தார். "இதுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்குன்னு யாரும் சொன்னதில்ல தம்பி. பட்டைக்குத்தான் கணக்கு சொல்லுவாங்க." முப்பது வருஷமா திறந்த பேனல் முன்னாடி நின்ன மனுஷன். நாலு வருஷம் காலேஜில் படிச்சது முதல் தடவையா எனக்கு உபயோகப்பட்டது அன்னைக்குத்தான்.

அந்தத் துண்டு இப்போ என் ஆபீஸ் மேசையில் மானிட்டருக்குப் பக்கத்தில் இருக்கு. யாராவது "என்ன இது"ன்னு கேட்டா, மேட்டூரிலிருந்து ஆரம்பிச்சுடுவேன். அதனால இப்பல்லாம் யாரும் கேக்கிறதில்லை :-)

பி.கு: சக பதிவர்களில் மில், ரைஸ் மில், சின்னப் பட்டறை வச்சிருக்கும் சொந்தக்காரங்க இருந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கடைசியா ட்ரான்ஸ்பார்மரைப் பெருசாக்கினப்போ பேனலுக்குள்ளே பட்டையைப் பிடிக்கிற கட்டையை மாத்தினீங்களா? பதிலைப் பின்னூட்டத்தில் போடலைன்னாலும் பரவாயில்லை. மாத்திட்டாப் போதும்.